மீன் செதிலிலிருந்து கொலாஜன்

மீன் அங்காடிகளில் சுரண்டி எறியப்படும் செதில்கள் குப்பையிற் சேர்ந்து நாறுகின்றன. ஆயினும் ரோகு, கட்லா போன்ற மீன்களின் செதிலில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் செறிந்துள்ளது. மனிதனுடைய தோலிலும் எலும்பிலும் மிகுந்திருப்பதும் இவ்வகைப் புரதமே. ஆதலின் புண்ணை மூடும் மென்படலம் முதலியன செய்வதற்கு இது ஏற்றதாகும்.

செதிலை உப்பு நீரில் கழுவிப் பிற புரதங்களை அகற்றுவர். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சிய உப்புகளைக் கரைத்துவிடும். எஞ்சியதை அசெடிக் அமிலத்தில் ஊறவைத்தால் கொலாஜன் கரைந்து வரும். அக்கரைசலில் கறியுப்பைச் சேர்த்தால் அது வீழ்படிவாகும்.

இவையாவும் 4 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நடைபெறுதல் வேண்டும். கொலாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிற்றைப் போன்றது. வெப்பத்தால் முறுக்குக் குலைந்தால் அது வெறும் ஜெலட்டினாகிவிடும். குளிர்கடலில் வாழும் காட் மீனின் கொலாஜன் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே குலையும். ரோகு, கட்லாவினுடையது ஏறத்தாழ 35 டிகிரி வரை நிலைக்கும். உடல் வெப்பம் 37 டிகிரியாதலின், இழைகளைக் குறுக்கே பிணைத்து வலுவூட்டிய பின்னரே மருத்துவத்திற்குப் பயன்படுத்துவர்.

ஆகவே களப்பணியாளர், செதிலை அழுகுமுன் கழுவிப் பனிக்கட்டியில் வைக்குமாறு மீன் வணிகருக்கு அறிவுறுத்துக. ஆசிரியர், செதிலைச் சில நாள் காடியில் ஊறவைத்துக் காட்டுக. விறைப்பு நீங்கித் துவளும் அப்பகுதியே பெரிதும் கொலாஜன் என்பதை மாணவர் கண்கூடாக அறிவர்.