எழுதுவோர்க்கு முதற்படி

அறம்பற்றி எழுத விழையும் அன்பர்க்கு முதற்கண் வேண்டுவது யாது? சொல்வளம் என்பர் சிலர். நூலறிவு என்பர் சிலர். ஆசாரியர் உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரமோ வேறொரு வரிசையைக் காட்டுகின்றது.

அந்நூலின் 9-ஆம் அத்தியாயத்தில் அகத்தவங்கள் ஆறு கூறப்பெறுகின்றன. அவற்றுள் விநயம் இரண்டாவது, சுவாத்தியாயம் நான்காவது. பணிவு முன்னும் கல்வி பின்னுமாக நிற்றலை நாம் கருதுதல் வேண்டும். சுவாத்தியாயமும் ஐவகைப்படும்: நூலைப் பயிலுதல், ஐயம் வினாவுதல், பொருளை மீள மீளச் சிந்தித்தல், பிழையற ஓதுதல், பிறர்க்கு அறம் உரைத்தல். உரைத்தல் இறுதியில் உள்ளது. எழுதுதலும் உரைத்தலே. ஆதலின், வினவாமலும் சிந்தியாமலும் எழுதப் புகுவோர் கீழ்ப்படிகளை விட்டு ஐந்தாம் படியில் கால் வைப்போர் ஆவர்.

இதற்கு நம் சமூகத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற பெரும்புலமையர் அவர். ஆயினும் அந்நூலில் வரும் ஜைன சமயச் செய்திகள் அவர்க்கு விளங்கவில்லை. சைவராகிய அவர், அவ்வூரில் வாழ்ந்த ஜைனர்களை நாடிச் சென்று வினவித் தெளிந்தார். ஆசிரியர் மாணவரானார். 1887-இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்புக்கு அப்பணிவு துணைநின்றது.

இங்கு நாம் மறத்தலாகாதது மற்றொன்று. அவர்க்கு விடை கூறியோர் துறவியர் அல்லர். வழிவழியாகக் கேட்டதை உள்ளத்தில் இருத்திய இல்லறத்தார். கேட்க ஒருவர் வந்தபோது சொல்ல நம்மவர் இருந்தனர். அத்தகைய கேள்விச் செல்வம் உடைய முதியோர் மறைந்தபின் ஏடுகள் எஞ்சும். ஆனால் ஏடு நம் ஐயத்திற்கு மறுமொழி கூறாது.

ஆகவே, எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் அறிந்த பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுவோம். அவர் பிழை என்று சுட்டின் வருந்தாது காரணம் கேட்போம். கேட்டுத் திருத்திக் கொள்வதால் நம் பெயர் குறையாது. அறத்தின் பொருள் திரியாமல் நிற்கும். தசலட்சணப் பருவத்தில் நாம் போற்றும் பத்து அறங்களுள் இரண்டாவதாகிய உத்தம மார்த்தவம், எழுதுகோல் பிடிக்கும் கைக்கும் உரியதன்றோ!