மணலில் யார் வந்தது?



புதுப்பட்டினத்தில் வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழியும் சிமென்ட் தொட்டியில் மீனும் வளர்க்க ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒருத்தி கேட்ட கேள்விக்குப் பதில் இது. கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை இதே கவலையோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் திறந்த கடிதமாகவே போகிறது. பதினொரு கோழிக்குஞ்சில் ஏழு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டன. தொட்டியில் விட்ட கெண்டைக் குஞ்சில் பாதியைக் காணோம். கொல்லையில் ஒரு கீரி நடமாடுகிறது. அதற்குப் பொறி வைக்கலாமா, மருந்து வைக்கலாமா? இதுதான் கேள்வி.

இரண்டும் வேண்டாம். முதலில், கீரிதான் எடுத்தது என்று யார் சொன்னார்கள்? கீரி பகலில் திரிகிற பிராணி. பொழுது சாய்ந்தால் வளைக்குப் போய்விடும். குஞ்சு போனதோ ராத்திரி. கண்ணில் பட்டவன் மேல் பழியைப் போட்டுவிட்டு, படாதவனை விட்டுவிடுவது கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்கிற தவறு. கூண்டு கட்டுவதற்கும் வலை வாங்குவதற்கும் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை வேறொன்று இருக்கிறது. வந்தது யார் என்று தடம் பார்த்துச் சொல்வது.

அந்த வித்தையில் உலகத்திலேயே பெயர் எடுத்தவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு இருளர் பழங்குடியைச் சேர்ந்த இரண்டு பேரை அழைத்துப் போனார்கள். ஒருவர் வடிவேல் கோபால், இன்னொருவர் மாசி சடையன். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, முயல், மான் என்று கண்ட பிராணியை எல்லாம் காலி செய்துகொண்டிருந்தது. உள்ளூர் ஆட்கள் வண்டியில் கரையோரம் மெதுவாகப் போய் பாம்பு தென்படுகிறதா என்று பார்ப்பார்கள். இவர்கள் இருவரும் இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். எச்சம் எங்கே கிடக்கிறது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மண்ணில் உடல் வழுக்கிய கோடு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு உள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தொடங்கியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பிறகு வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களுடைய பிழைப்பை ஒரே அடியாக அடித்துவிட்ட பிறகு பிறந்த சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுவார்கள். விஷமுறிவு மருந்து அந்த விஷத்திலிருந்து தயாராகிறது. கோழிக்கு ஆசைப்பட்டு வருகிற பாம்பைப் பார்த்துக் கம்பைத் தூக்குகிறவர்கள் ஒரு முறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடற்கரை ஊரில் தடம் பார்ப்பது சுலபம். கொல்லை முழுக்க மணல். சாயங்காலம் கூண்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மணலை ஒரு பலகையால் இழுத்துச் சமன்படுத்திவிட்டால் போதும், ராத்திரி வந்தவர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். நாய்க் காலில் நான்கு விரலோடு நகமும் பதியும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடம் உருண்டையாக, நகமில்லாமல் இருக்கும். காட்டுப்பூனைக்கும் அப்படித்தான், கொஞ்சம் பெரிசு. மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல்; கீரி என்றால் நகம் நீளமாக விரலைத் தாண்டிக் குத்தியிருக்கும். நடுவில் வால் இழுத்த பள்ளமும் இரண்டு பக்கமும் அகலமாக ஊன்றிய கால்களும் தெரிந்தால் உடும்பு. அதுவும் பகல்காரன்தான். பாம்பு போன கோட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தடம் கலைந்துபோயிருந்தால் மிச்சத்தைப் பார்க்க வேண்டும். நாலைந்து கோழி செத்து, தின்னப்படாமல் அங்கங்கே கிடந்தால் தெருநாய். கொல்லைக் கோழிக்குப் பெரிய எமன் காட்டில் இல்லை, தெருமுனையில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே ஒரு கோழி முழுசாகக் காணாமல் போய், வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறகு சிதறிக் கிடந்தால் காட்டுப்பூனை. தலை, கழுத்தில் கடி, கூரை வழியாக வந்த அடையாளம் என்றால் மரநாய். எதுவுமே இல்லை, இறகுகூட இல்லை, அடை வைத்த முட்டையும் சின்னக் குஞ்சும் மட்டும் மாயம் என்றால் சாரையோ நல்ல பாம்போ விழுங்கியிருக்கும். ஏழு குஞ்சு போன கதை இந்தக் கடைசி வகையாகத்தான் தெரிகிறது. இன்னொரு ஆள் மேலும் சந்தேகம் உண்டு: பெருச்சாளி. அது குஞ்சை வளைக்குள் இழுத்துப்போய்விடும். கூண்டுப் பக்கத்தில் புது மண் குவியல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காட்டுப்பூனைக்குப் பழைய பெயர் வெருகு. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை 139ஆம் பாட்டில், பொழுது சாயும் நேரத்தில் வேலிப் பக்கம் வெருகு வந்ததைக் கண்டு பயந்து குஞ்சுகளைக் கூவி அழைக்கும் ஒரு வீட்டுப் பெட்டைக்கோழியைக் காட்டுகிறார். புலவர் நேரத்தைச் சரியாகக் குறித்திருக்கிறார். இன்றைக்கும் அதே நேரம்தான். விளக்கு வைத்த பிறகு கோழியை அடைக்கிற வீட்டில் அரைமணி நேரம் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். சூரியன் இறங்குவதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும். கூண்டுக்குச் செலவழிக்கிற காசைவிட இந்த ஒரு பழக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

கூண்டைப் பற்றி. கடையில் கோழி வலை என்று விற்கிற மெல்லிய அறுகோணக் கம்பி, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். நாய் உள்ளே வராமல் இருக்க உதவாது. ஒரே கடியில் கிழித்துவிடும். பாம்போ அதன் கண்ணுக்குள் தாராளமாக நுழையும். வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். இங்கே மண் இளகலான மணல், நாயும் பெருச்சாளியும் பத்து நிமிஷத்தில் தோண்டிவிடும். அதனால் சுவரோடு மெஷ்ஷை முடித்துவிடாமல், வெளிப்பக்கமாக ஒன்றரை அடி தரையில் படுக்கப்போட்டு மேலே மணலோ செங்கல்லோ போட வேண்டும். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். கம்பி தட்டினால் பின்னால் தள்ளிப் போய்த் தோண்டத் தெரியாது. இன்னொன்று உப்புக் காற்று. உள்ளூர்க்காரர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று தெரியும். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட மெஷ் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நாலு மழைக்காலம் தாங்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் மூலை முடுக்கை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். துரு முதலில் உதிர்வது முடிச்சில்தான்.

தீனி. இதை யாரும் பாம்போடு சேர்த்து நினைப்பதில்லை. ராத்திரி கூண்டில் மிச்சம் கிடக்கும் கம்பும் நொய்யும் எலியைக் கூப்பிடும். எலியைத் தேடிச் சாரை வரும். வந்த இடத்தில் முட்டை இருந்தால் அதையும் விடாது. இருளர்கள் வயலில் எலி வளையைத் தோண்டும்போது பானையில் புகை போட்டு ஊதி எலியைப் பிடிப்பார்கள். அது பதுக்கிய நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள், ஒரு வளையில் அவ்வளவு சேர்ந்திருக்கும். கொல்லையில் சிந்துகிற தீனியும் அப்படித்தான் எங்கோ மண்ணுக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறது. தீனியைப் பொழுது சாய்வதற்கு முன் அள்ளி, மூடி போட்ட தகர டின்னில் வைத்துவிட்டால் பாதிப் பாம்புப் பிரச்சினை அதோடு போய்விடும்.

பகலில் பருந்தும் காக்கையும் வல்லூறும். மூன்று வார வயது வரை குஞ்சைத் திறந்த வெளியில் விடாமல் பஞ்சாரத்தில் போட்டுவைத்தால் போதும். அதற்கு மேல் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும்.

இனி மீன். தொட்டி ஓரத்தில் அசையாமல் நிற்கிற மடையானைத் தினமும் பார்த்திருக்கலாம். கால் ஊன்ற இடமிருந்தால்தான் அதற்கு வேட்டை. தொட்டிச் சுவர் செங்குத்தாக, படி எதுவும் இல்லாமல், தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு அடி கீழே இருந்தால் அது எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மீன்கொத்திக்கு வேறு கணக்கு. அது கிளையிலோ கம்பியிலோ உட்கார்ந்து குதிக்கிறது. தொட்டிக்கு மேலே துணி காய்கிற கொடி கட்டியிருந்தால் அதுதான் அதன் இருக்கை. கொடியை வேறு இடத்துக்கு மாற்றினால் வேலை முடிந்தது.

நீர்க்காகம் கொஞ்சம் பெரிய விஷயம். இந்த மாவட்டத்தில்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. கார்த்திகை முதல் பங்குனி வரை அங்கே கூடு கட்டும் பறவைகள் சுற்றியுள்ள ஏரி, குளம், தொட்டி எல்லாவற்றிலும் மீன் பிடித்துத்தான் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதைக் கண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கியவர்கள் அவர்கள். போன மீனுக்கும் வந்த நெல்லுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பறவையைத் துரத்துவதைவிடத் தொட்டியை மூடுவது மலிவு.

ஆனால் மூடுவதில் ஓர் ஆபத்து. பழைய நைலான் மீன்வலையை மேலே போட்டு, ஓரத்தைத் தரையில் தொங்கவிட்டுவிடுவது இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தவளையைத் தேடி வருகிற தண்ணீர்ப்பாம்பும் சாரையும் அந்தக் கண்ணுக்குள் தலையை விடும். செதில்கள் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் முன்னால்தான் போக முடியும், பின்னால் இழுத்தால் நூல் செதிலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். புரளப் புரள இறுகும். காலையில் பார்த்தால் உடல் நடுவில் ஒடுங்கி, இரண்டு பக்கமும் வீங்கிக் கிடக்கும். வந்தது நல்ல பாம்பாக இருந்தால் அறுத்துவிடப் போகிறவர் உயிருக்கும் ஆபத்து. வலையைச் சட்டத்தில் இழுத்து விறைப்பாகக் கட்டி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

கெண்டைக் குஞ்சு ரொம்பச் சின்னது என்றால் பறவையைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீருக்குள்ளேயே பார்க்கலாம். தட்டான் புழுவும் நீர்ப்பூச்சிகளும் விரல் நுனி அளவு குஞ்சைப் பிடித்துத் தின்னும். மீன் பண்ணைகளில் குஞ்சு விடுவதற்கு முதல் நாள் ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கரைத்துத் தெளிப்பது பழைய முறை. மேலே படியும் எண்ணெய்ப் படலத்தில் பூச்சிக்கு மூச்சு முட்டிவிடும். வீட்டுத் தொட்டிக்கு அதெல்லாம் வேண்டாம். தொட்டியை வடித்துக் காயவைத்துவிட்டு, புதுத் தண்ணீரைக் கொசுவலை வழியாக நிரப்பினால் சரி.

கறியில் குருணை மருந்து கலந்து வைக்கிற யோசனையைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னாராம். அதைத் தின்பது வந்த திருடன் மட்டுமில்லை. அவனைத் தின்கிற காக்கையும், தெருவில் போகிற நாயும், சமயத்தில் சொந்தக் கோழியும்தான். கம்பியில் நேரடியாக மின்சாரம் விடுவதில் ஆளே செத்துப்போயிருக்கிறார்கள். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். ஓட்டை அப்படியே இருக்கும்.

ஆகவே இன்றைக்குச் செலவில்லாத வேலை ஒன்று. சாயங்காலம் கூண்டைச் சுற்றி மணலை இழுத்துவிடு அம்மா. காய்ந்த மணலில் தடம் சரிந்துவிடும், ஒரு குடம் தண்ணீர் தெளித்தால் நன்றாகப் பதியும். காலையில் கோழி கிளறுவதற்குள், கதவைத் திறப்பதற்கு முன்பே போய்ப் பார்த்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுத்து அனுப்பு. மெஷ் வாங்குவதைப் பிறகு பேசலாம்.