நிலத்திற்கு ஓர் ஆடை



அடைமழை பெய்தபின் வீட்டருகே ஓடும் கால்வாயைப் பாருங்கள். நீர் செந்நிறமாக ஓடும். நம் முற்றத்து மேல்மண்ணே அந்நிறத்திற்குக் காரணம். செடிகளுக்கு வேண்டிய சத்துகள் மிகுந்திருப்பது அம்மண்ணில்தான்.

புல்பூண்டு இன்றிப் பெருக்கி வைத்த முற்றமே தூய்மையானது என்று பலர் எண்ணுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் இவ்வெண்ணமே நிலவியது. களைகளை அடியோடு அகற்றினர். சரிவுகளில் மண் அரித்துச் செல்லப்பட்டது. பின்னர், பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகிய கொடிகளை மூடுபயிர்களாக வளர்க்கலாயினர். இவை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகின்றன. உதிரும் இலைகள் மண்ணுக்கு உரமாகின்றன. இளங்கன்றுகளுக்கிடையே இக்கொடிகள் படர்ந்திருப்பதைத் தோட்டத்தில் பணிபுரிவோர் நன்கறிவர்.

ஆயினும், இவை மற்றச் செடிகள்மீதும் ஏறி மூடுவதால் வீட்டு முற்றத்திற்கு ஏற்றவையல்ல. இடமறிந்து வேறு செடிகளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

1. வெயில் படும் சரிவு: சர்க்கரைவள்ளிக் கொடி கணுதோறும் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இளந்தளிர் கீரையாகப் பயன்படும். ஆனால், கிழங்கிற்காகச் சரிவைத் தோண்டினால் மண் மீண்டும் இளகிவிடும்.

2. ஈரமும் சிறுநிழலும் உள்ள இடம்: வல்லாரை. மலாய்க்காரர் இதனைப் ‘பெகாகா’ என அழைத்து உண்பர். சாக்கடையோரம் வளர்ந்ததை உண்ணலாகாது.

3. பூந்தோட்டம்: பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட படர்கடலை. இது நிலக்கடலையின் இனம். மஞ்சள் மலர் பூக்கும். இதன் வேரிலும் முடிச்சுகள் உண்டு.

4. நடமாடும் இடம்: மிதிபடுவதைத் தாங்கும் அகன்ற இலைப் படர்புல். இதனைக் குட்டையாக வெட்டி வைத்தல் வேண்டும். புதராக வளர்ந்தால் பாம்பு ஒளிய இடமாகும்.

மஞ்சட்பூப் பூக்கும் வெடிலியாவைத் தவிர்ப்பது நன்று. வேலி தாண்டிப் பரவி மற்றச் செடிகளை நெருக்கும் இது, உலகின் மிகக் கேடான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

மழைக்காலத் தொடக்கத்தில் கொடித்துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நடுக. அவை நிலத்தை மூடும்வரை களை பறித்து வருக.

செய்து பாருங்கள்: இரண்டு தட்டுகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் புற்கரணையைப் பதியுங்கள். மற்றொன்றை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் சாய்த்து வைத்து, பூவாளியால் சம அளவு நீர் ஊற்றுங்கள். வடியும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து ஒப்பிடுங்கள். எக்குவளையின் அடியில் மண் மிகுதியாகத் தங்குகிறது? விடையைப் பெற்றோரிடம் காட்டுங்கள். அடுத்த மழைக்குமுன் முற்றத்திற்கு ஆடை உடுத்துங்கள்.