சுவருக்கேற்ற மஞ்சள்

சேலம் மாநகரின் பழைய வணிகப் பகுதிகளுள் ஒன்று செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற அப்பகுதியில் மஞ்சள் வாணிகம் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. மங்கலப் பொருளாகிய மஞ்சளின் பொன்னிறத்தை இல்லத்துச் சுவரிலும் காண விழைதல் மக்களுக்கு இயல்பேயாகும்.

ஆயின், மஞ்சட்கிழங்கின் நிறம் சுவரில் நிலைப்பதன்று. சுண்ணாம்போடு சேர்ந்தவுடன் அது சிவந்துவிடும். ஆலத்தி நீர் சிவப்பதும் இதனாலேயே. வெயில் பட்டாலோ அது வெளிறிப்போகும். ஆதலின், சுவருக்கென வேறு மஞ்சள் நிறங்கள் வேண்டப்பட்டன. அவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, மண்ணில் கிடைக்கும் மஞ்சட்காவி. மற்றொன்று, வேதியியல் முறையில் ஆக்கப்பெறும் குரோம் மஞ்சள்.

மஞ்சட்காவிக்கு நிறம் தருவது இரும்பின் சேர்மமாகும். அதனைச் சுட்டால் நீர் நீங்கிச் செங்காவியாக மாறும். வெயிலோ சுண்ணாம்போ அதன் நிறத்தைக் கெடுப்பதில்லை. எனினும், அதன் மஞ்சள் சற்று மங்கியதே.

குரோம் மஞ்சளோ கண்ணைப் பறிக்கும் ஒளியுடையது. பிரெஞ்சு அறிஞர் வாக்குலின் 1797இல் குரோமியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தார். அத்தனிமம் ஈயத்தோடு சேர்ந்து உண்டான இந்நிறப்பொருள் 19ஆம் நூற்றாண்டில் எங்கும் பரவியது. சிறிதளவு பூசினும் பெரும்பரப்பை மூடுவதால் பலரும் இதனை விரும்பினர்.

ஆனால், அவ்வழகினுள் நஞ்சு மறைந்திருந்தது. நாட்பட்ட பூச்சு உதிர்ந்து தூசியாகும். தரையில் தவழும் குழந்தை அத்தூசி படிந்த கையை வாயில் வைக்கும். இவ்வாறு உடலில் சேரும் ஈயம் மூளையின் வளர்ச்சியைத் தடுத்து, கற்கும் ஆற்றலையும் குறைக்கும். அதனால், வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்கினை மிகலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஈயமின்றியே ஒளிமிக்க மஞ்சள் வண்ணங்கள் இந்நாளில் ஆக்கப்பெறுகின்றன. எனினும், பழைய சுவர்களில் பழைய பூச்சு இருத்தல் கூடும். அதனை உலர்ந்த நிலையில் சுரண்டுதல் தீங்காகும்.

அறைக்கு மஞ்சள் தெரிவோர் முதலில் அதன் உட்பொருளை ஆராய்தல் வேண்டும். பின்னர், தீங்கற்ற இரண்டு மஞ்சள்களைச் சுவரில் சிறிதளவு பூசி, காலை வெயிலிலும் இரவு விளக்கொளியிலும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். ஒளிக்கேற்ப நிறம் வேறுபட்டுத் தோன்றும் அன்றோ? கண் விரும்புவதை அறிவு ஆராய்ந்து ஏற்பதே நல்ல தேர்வாகும்.