கூலிக்கு முன்னே எழுந்த கேள்வி

2020 மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, நகரங்களில் கூலிவேலை செய்துவந்த லட்சக்கணக்கானோர் பிழைப்பை இழந்தனர். பலர் நெடுஞ்சாலைகளில் நடந்தே சொந்த ஊர் திரும்பினர். அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1-ஆம் நாள்தான் புறப்பட்டன.

ஊரில் அவர்களுள் பலரைத் தாங்கியது மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம். 2019-20-இல் சுமார் 265 கோடி மனித நாட்களாக இருந்த வேலை, 2020-21-இல் 389 கோடியாக உயர்ந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 200 ரூபாய்தான் கூலி. இதனை மனநிறைவு என்று போற்றுவது எளிது. உண்மையில் பெரும்பாலோர்க்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆயினும் உழைப்பவர் மனத்தில் ஒன்று இடம் மாறியிருந்தது. அதே ஆண்டு ஜூனில், நாற்று நடவுக்கு ஆளின்றித் தவித்த பஞ்சாப் உழவர்கள் பீகாருக்குப் பேருந்துகளை அனுப்பி அழைத்தனர், கூலியையும் உயர்த்தினர். போக எண்ணியவர்க்கோ கூலிக்கு முன்னே வேறு கேள்விகள் இருந்தன: தங்க இடம் உண்டா? நோயுற்றால் பார்ப்பவர் யார்? வேலை நின்றுபோனால் உணவு எங்கிருந்து வரும்?

கடைசிக் கேள்விக்கு ஓரளவு விடை பின்னர் வந்தது. 2022 ஜூனில் ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாடு எல்லா மாநிலங்களையும் எட்டியது. வெளியூரில் உழைப்பவர் தம் பங்கு தானியத்தை அங்கேயே பெறலாம். ஊரிலுள்ள குடும்பத்தார் மீதியை வாங்கிக்கொள்ளலாம்.