செய்முறை எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், மொய் நோட்டைப் புரட்டி, அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துத்தான் செய்முறை செய்கிறோம். இந்தப் பழக்கம் எப்படித் தோன்றியிருக்கும்?
– வாசகி, சின்னமனூர்

பதில்: இதை யாரும் உட்கார்ந்து வகுத்திருக்க வேண்டியதில்லை, தானாகவே வேரூன்றக் கூடிய வழக்கம் இது. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஆக்சல்ராட் நடத்திய கம்ப்யூட்டர் போட்டியைப் பாருங்கள். முடிவுகள் 1980இல் வெளியாயின. இருவர் ஆடும் ஆட்டம். இருவரும் கைகொடுத்தால் ஆளுக்கு 3 புள்ளி. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, மற்றவருக்கு ஒன்றுமில்லை. இருவருமே ஏமாற்றினால் ஆளுக்கு 1. அறிஞர்கள் அனுப்பிய 14 புரோகிராம்கள் 200 சுற்று மோதின. வென்றது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய, இருப்பதிலேயே சின்னப் புரோகிராம்: முதலில் நீ கைகொடு, பிறகு எதிராளி போனமுறை செய்ததையே நீயும் செய். அடுத்த போட்டிக்கு வந்த 62 பேரும் இதைத் தெரிந்துகொண்டே வந்தார்கள். அப்போதும் அதுவே ஜெயித்தது.

அதற்குப் பின் ஆக்சல்ராட் செய்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. வாங்கிய புள்ளிக்கேற்ப ஒவ்வொரு உத்தியையும் தலைமுறை தலைமுறையாகப் பெருக விட்டார். முதலில் ஏமாற்றுக்காரர்களில் சிலர் கொழித்தார்கள். ஏமாறுகிறவர்கள் தீர்ந்துபோனதும் அவர்களுக்குப் பிழைப்பில்லை. சுமார் 200 தலைமுறையில் சரியத் தொடங்கினார்கள். பதிலுக்குப் பதில் செய்பவர்களே நிலைத்தார்கள்.

இதற்கு ஞாபகம் வேண்டும். மண்டப வாசலில் ஒருவர் பணத்தை எண்ண, இன்னொருவர் ஊர், பெயர், தொகை என்று எழுதுகிறாரே, அந்த நோட்டுதான் ஞாபகம். கம்பத்தில் வாங்கியதை வருடங்கள் கழித்துப் போடியில் திருப்ப முடிவது அதனால்தான்.

பெரியாற்றுத் தண்ணீர் வராமல் போகம் தவறிய வருடத்தில் ஒரு வீடு குறைத்துச் செய்துவிட்டால்? கறாராகத் திருப்பினால் இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் ஓயாது. 1992இல் மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் காட்டியது இதைத்தான்: தவறு நேரக்கூடிய உலகில், சுமார் மூன்றில் ஒரு தடவை பொறுத்துப் போகிறவர்கள் கறாரானவர்களைப் பின்தள்ளிவிடுகிறார்கள். "விடுப்பா, அவங்களுக்கும் கஷ்டம்" என்று நோட்டை மூடும் பெரியவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

மறுபடி சந்திப்போம் என்ற நிச்சயம் இருக்கும்வரைதான் இத்தனையும். கடைசிப் பிள்ளைக்கும் கல்யாணம் முடிந்த வீட்டுக்கு, வாரிசில்லாத வீட்டுக்கு, அவர்கள் செய்ததெல்லாம் திரும்பாமலே நின்றுவிடுகிறது. செய்முறையில் எனக்கு வலிக்கும் இடம் அதுதான்.