நிலாவரைக் கதையும் நம் பிள்ளைகளும்

அன்பான பெற்றோரே, புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் கதையை உங்கள் சிறுவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? வானரப் படையின் தாகம் தீர்க்க இராமன் அம்பை ஊன்ற, அங்கே நீர் பெருகியதாம்.

பிறசமயக் கதை எனத் தயங்க வேண்டாம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. கதையைக் கதையாகவே சொல்லுங்கள், வேதமாக அன்று. தாகமுற்றோர்க்கு நீர் தருவது அறம் என்ற உண்மை அதில் உண்டு.

கேள்வி வரும்வரை கதையே போதும். “உண்மையாகவா, அம்மா?” என்று பிள்ளை கேட்கும்போது மற்றதையும் சொல்லுங்கள். நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கனமான கடல்நீரின்மேல் மிதக்கிறது. அதனாலேயே நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும், கிணறு கெடும். இந்த ஒழுங்கை வகுத்தவர் படைத்தவரே.

இவ்வாரம் செய்வதற்கு: கதையைச் சொல்லிப் பிள்ளையுடன் கிணற்றடிக்குச் செல்லுங்கள். ஒரு வாளி நீர் அள்ளி, இறைவனுக்கு நன்றி கூறுங்கள். யாக்கோபின் கிணற்றருகே தாகத்துக்கு நீர் கேட்ட இயேசுவையும் (அருளப்பர் 4) நினைவூட்டுங்கள்.